வாசல் பெரிசு, உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பத்து நிமிஷத்துக்குள் ஒரு பழைய சண்டைக்கு வந்து சேர்ந்துவிடுவோம். லினக்ஸ் கெர்னல்காரர்கள் இன்னமும் ஏன் மெயிலில் பேட்ச் அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள்? கிட்ஹப் 2008-லேயே வந்துவிட்டதே, ஒரு பட்டனை அமுக்கினால் முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை சடங்கு? எதிர்ப்பக்கம் சும்மா இருக்குமா? 'ஒழுங்கா ஒரு மெயில் அனுப்பத் தெரியாதவர் கெர்னலில் கை வைக்க வேண்டாம்' என்கிற தொனியில் பதில் வரும். வருஷக்கணக்காக இதேதான் ஓடுகிறது.

கவனித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: நிரலை உள்ளே அனுப்புவது எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்? என்னைக் கேட்டால் இது இரண்டாம்பட்சம். ஒரு திட்டத்தில் உண்மையிலேயே தட்டுப்பாடாக இருப்பது, வந்ததை உட்கார்ந்து படிக்கிற ஆளின் நேரம். அதற்கு அடுத்து, 'இதை ஏன் இப்படிச் செய்தோம்' என்கிற காரணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. மெயிலோ, புல் ரிக்வெஸ்ட்டோ, அரட்டை அறையோ, எதுவாக இருந்தாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போட வேண்டும். அப்படிப் போட்டுப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் குறிப்பு.

மெயில் ஏன் இன்னும் சாகவில்லை

கெர்னலில் ஒரு மாற்றம் உள்ளே போகிற விதத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய மாற்றம் வெறும் எழுத்தாக, மெயிலின் உடம்பிலேயே போக வேண்டும். இணைப்பாகப் போட்டால் முகம் சுளிப்பார்கள், எச்டிஎம்எல் மெயிலை சர்வரே திருப்பி அனுப்பிவிடும். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. நீங்கள் தொட்ட கோப்பைப் பார்த்து, அதற்குப் பொறுப்பான மெயின்டெய்னர் யார், எந்த லிஸ்ட் என்று அது எடுத்துக் கொடுக்கும். ரிவ்யூ செய்பவர் உங்கள் மெயிலில் ஒவ்வொரு வரியாக எடுத்து, அந்த வரிக்குக் கீழேயே பதில் எழுதுவார். நீங்கள் திருத்தி வி2 அனுப்புவீர்கள், பிறகு வி3. ஒவ்வொன்றிலும் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத வேண்டும். திருப்தி ஆனால் ரிவ்யூ செய்தவர் தன் பெயரோடு 'ரிவ்யூட்-பை' என்று ஒரு வரி கொடுப்பார். அந்த வரி கிட் வரலாற்றில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. கெர்னலின் பல கமிட்களில், அதைப் பற்றி நடந்த விவாதத்துக்கான இணைப்பும் சேர்ந்தே இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து, 'இந்த ஒரு வரி இங்கே எதுக்கு?' என்று கேட்டால், கிட் பிளேம் போட்டு, கமிட் செய்தியைப் படித்து, அங்கிருந்து பழைய விவாதத்துக்கே போய்விடலாம். யார் எதிர்த்தார்கள், என்ன மாற்று சொன்னார்கள், அது ஏன் எடுபடவில்லை, எல்லாம் அங்கே இருக்கும். நிரலும் காரணமும் ஒரே நூலில் கட்டப்பட்டிருக்கிறது. அதோடு, மெயிலுக்கு ஒரே முதலாளி கிடையாது. லிஸ்ட்டை நடத்துகிற சர்வர் நாளைக்கு மூடப்பட்டாலும், பிரதிகள் ஆயிரம் இடத்தில் இருக்கும்.

சரி, அப்படியானால் மெயில்தான் சிறந்ததா? இல்லை. அதன் பெரிய குறை மௌனம். புதிதாக வந்தவர் ஒரு பேட்ச் அனுப்புகிறார். இரண்டு வாரம் பதில் இல்லை. பிடிக்கவில்லையா? யாரும் பார்க்கவே இல்லையா? புதிய மாற்றங்களை மொத்தமாகச் சேர்க்கிற அந்த இரண்டு வாரத்தில், மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும்போது, அனுப்பிவிட்டோமா? மறுபடி அனுப்பினால் கோபப்படுவார்களா? மெயிலில் மௌனத்துக்கு நாலு அர்த்தம் இருக்கிறது. எந்த அர்த்தம் என்று பழகியவருக்கு மட்டும்தான் தெரியும். உள்ளூர்க்காரனுக்கு வழி தெரியும் என்பதால் ஊருக்கே பலகை வேண்டாம் என்று சொல்வது மாதிரி இது.

தொனியும் இன்னொரு பிரச்சினையாக இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில், தன் பழைய மெயில்கள் சிலவற்றின் கடுமைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். கெர்னலுக்கு ஒரு நடத்தை விதிமுறையும் அப்போதுதான் வந்தது. எல்லாம் பொதுவில் சேமிக்கப்படும் இடத்தில், திட்டு வாங்கியதும் சேர்ந்தே சேமிக்கப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது. கேள்வி கேட்கவே பயந்து எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்பதற்கு ஆவணக் காப்பகம் எதுவும் கிடையாது.

குறையை அவர்களும் உணராமல் இல்லை. மெயில் செட்டப் தொல்லையைக் குறைக்க பி4 என்கிற கருவி வந்திருக்கிறது. கிட் மென்பொருளை உருவாக்குகிற குழுவும் மெயிலில்தான் ரிவ்யூ செய்கிறது, ஆனால் கிட்ஹப்பில் போட்ட புல் ரிக்வெஸ்ட்டை மெயிலாக மாற்றி லிஸ்ட்டுக்கு அனுப்ப கிட்கிட்கேட்ஜெட் என்ற பாலம் இருக்கிறது. வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம், உள்ளே நடக்கிற வாசிப்பை மாற்ற வேண்டாம் என்கிற நிலைப்பாடு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பட்டன் என்ன செய்தது

கிட்ஹப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் அதற்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த, எந்த லிஸ்ட்டிலும் சேராமல், யாரையும் தெரியாமல், ஒரு கல்லூரி மாணவர் ஐந்து நிமிஷத்தில் புல் ரிக்வெஸ்ட் போடலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை. டெஸ்ட் ஓடியதா, தோற்றதா என்பது அதே பக்கத்தில் பச்சை, சிவப்பாகத் தெரிகிறது. யாருடைய புல் ரிக்வெஸ்ட் திறந்து கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மெயிலின் மௌனத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் உழைப்பு முழுக்க அனுப்புகிறவர் பக்கத்திலேயே போயிருக்கிறது. படிக்கிறவர் பக்கம் அப்படியேதான் கிடக்கிறது. கிட்ஹப் ரிவ்யூ பக்கம் மாற்றங்களைக் கோப்புப் பெயர் வரிசையில் காட்டும். எழுதியவர் யோசித்த வரிசை வேறாக இருக்கும். ஐந்து கமிட்டாகப் பிரித்து, படிப்படியாக விளக்கி எழுதியிருந்தாலும், முதலில் கண்ணில் படுவது மொத்தமாகச் சேர்த்த ஒரே வித்தியாசம்தான். இதைவிட முக்கியமாக, கமிட் செய்தியின் மேல் வரி வரியாகக் கருத்துச் சொல்ல அங்கே வசதி இல்லை. ஆண்ட்ராய்டு, ஓப்பன்ஸ்டேக், லிப்ரே ஆபீஸ் போன்ற திட்டங்கள் பயன்படுத்தும் கெரிட்டில், கமிட் செய்தியும் ஒரு கோப்பு போலவே திறக்கும், அதன் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்கலாம். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு கருவி எதை ரிவ்யூ செய்ய விடுகிறதோ அதைத்தான் மக்கள் ஒழுங்காக எழுதுவார்கள். கிட்ஹப் திட்டங்களில் 'ஃபிக்ஸ்', 'ஃபிக்ஸ் அகெய்ன்', 'ரிவ்யூ கமென்ட்ஸ்' என்று வரிசையாக நிற்கும் கமிட் செய்திகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

எல்எல்விஎம் திட்டம் நல்ல உதாரணம். கம்பைலர் உலகின் பெரிய திட்டங்களில் ஒன்று. அது பல வருஷம் ஃபேப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ கருவியைப் பயன்படுத்தியது. அந்தக் கருவியை உருவாக்கியவர்கள் 2021-ல் பராமரிப்பை நிறுத்தியதால், 2023-ல் எல்எல்விஎம் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டுக்கு மாறியது. அப்போது பழைய ஆட்களின் முக்கியமான கவலை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாற்றங்களைத் தனித்தனியாக ரிவ்யூ செய்வது இனி எப்படி என்பது. அனுப்புவது சுலபம் என்பதை யாரும் மறுக்கவில்லை. படிப்பது கஷ்டமாகும் என்பதுதான் பேச்சு.

அனுப்பும் செலவு ஏறக்குறைய பூஜ்யமாகி, படிக்கும் செலவு அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில் நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட். விளைவு, ரீட்மீ கோப்பில் 'அற்புதமான திட்டம்' என்று இரண்டு வார்த்தை சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்கள் வெள்ளமாக வந்தன. மூடி மூடிக் களைத்துப்போன மெயின்டெய்னர்கள் கூச்சல் போட, அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் கணக்கில் வரும் என்று ஆக்கினார்கள். டி-ஷர்ட்டுக்கு ஆசைப்பட்ட மாணவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பரிசாக்கி, வாசிப்பின் செலவை வேறு ஒருவர் தலையில் கட்டியது அமைப்புதான்.

இப்போது அதே கதை வேறு உருவத்தில் வருகிறது. கர்ல் மென்பொருளை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், மொழி மாதிரிகளை வைத்து எழுதப்பட்ட பொய்யான பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி 2024 ஜனவரியிலேயே எழுதினார். பார்த்தால் அழகான ஆங்கிலம், ஒழுங்கான தலைப்புகள், உள்ளே உண்மை இல்லை. முன்பெல்லாம் குப்பையைப் பார்த்தவுடனே குப்பை என்று தெரியும். இப்போது அது தெரிய ஒரு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

தொழிலில் ஒரு பழைய நக்கல் உண்டு. பத்து வரி மாற்றம் அனுப்பினால் பத்துக் குறை வரும், ஆயிரம் வரி அனுப்பினால் 'எல்ஜிடிஎம்' என்று நாலு எழுத்து வரும். 'எனக்குச் சரியாத்தான் படுது' என்பதற்கான சுருக்கம் அது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த நாலு எழுத்து, படிக்க நேரம் இல்லாத மனிதர் கொடுக்கும் வாக்குமூலம்.

அரட்டையில் கரைகிற காரணங்கள்

மூன்றாவது வழி, உடனடி அரட்டை. ஸ்லாக், டிஸ்கார்ட், மேட்ரிக்ஸ், அதற்கு முன் ஐஆர்சி. புதியவர்களுக்கு இதுதான் மிகவும் இதமான இடம். 'பில்ட் ஆகமாட்டேங்குது, என்ன பண்றது?' என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் யாராவது வந்து சொல்வார்கள். அந்த வகையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

சிக்கல், முடிவுகளும் அங்கேயே எடுக்கப்படும்போது வருகிறது. புல் ரிக்வெஸ்ட்டில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு வரி: 'டிஸ்கார்டில் பேசி முடித்துவிட்டோம், மெர்ஜ் செய்கிறேன்.' என்ன பேசினார்கள்? தேடுபொறியில் கிடைக்காது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளைக்கு மேற்பட்ட பேச்சு கண்ணில் இருந்து மறைந்துவிடும். குபர்னெட்டிஸ் மாதிரி பிரம்மாண்டமான சமூகத்துக்கே 2025 ஜூனில், அவர்களுடைய சலுகைத் திட்டம் சில நாளில் இலவசத் திட்டமாக இறக்கப்படும் என்று தகவல் வந்தது. பிறகு அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது என்பது வேறு விஷயம். பழைய ஐஆர்சியும் இதற்கு விதிவிலக்கு இல்லை. மொசில்லா தன் ஐஆர்சி சர்வரை 2020-ல் மூடியது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் வலையமைப்பின் கட்டுப்பாடு பற்றிய தகராறில் திட்டங்கள் கூட்டமாக லிபெரா சாட்டுக்குக் குடிபெயர்ந்தன. வாடகை வீட்டில் ஆணி அடித்த கதைதான்.

இன்னொரு அநியாயம் கடிகாரம். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை பத்து மணி என்றால் சென்னையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அரட்டையில் எடுக்கும் முடிவு, அந்த நேரத்தில் விழித்திருப்பவர்களின் முடிவு. மற்றவர்கள் காலையில் எழுந்து, முன்னூறு செய்திகளை மேலே தள்ளிப் பார்த்து, முடிந்துபோன விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாச்சி அறக்கட்டளைத் திட்டங்களில், மெயிலிங் லிஸ்ட்டில் நடக்காதது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். பழமைவாதம் மாதிரி தோன்றும். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவருக்கும் ஒரு குரல் கொடுக்கும் விதி அது.

காரணத்தைச் சேமிக்க அரட்டையையே ஒழிக்க வேண்டியதில்லை. பைத்தானின் பெப் ஆவணங்களைப் பாருங்கள். பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவணம், அதில் நிராகரிக்கப்பட்ட யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி. ரஸ்ட் மொழியின் ஆர்எஃப்சி வார்ப்புருவிலும் மாற்று வழிகளை எழுதியே ஆக வேண்டும். எங்கே வேண்டுமானாலும் பேசுங்கள், தோற்றுப்போன வாதத்தையும் சேர்த்து ஒரு இடத்தில் எழுதி வையுங்கள் என்பதுதான் இதன் சாரம். இதுவும் மனிதர்களைக் காப்பாற்றிவிடாது. 2018-ல் பெப் 572 பற்றிய விவாதம் பல லிஸ்ட்களில் மாதக்கணக்காக நீண்டு, கடைசியில் அது ஏற்கப்பட்ட பிறகு, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பில் இருந்தே விலகினார். ஆவணம் ஒழுங்காக இருந்தது, படிக்கிறவர் களைத்துவிட்டார்.

எக்ஸ்ஜெட்: எல்லாம் திறந்துதான் இருந்தது

மேலே சொன்னதெல்லாம் வசதி, அசௌகரியம் பற்றிய பேச்சு என்று யாராவது நினைத்தால், 2024 மார்ச்சில் நடந்ததை ஞாபகப்படுத்த வேண்டும்.

எக்ஸ்ஜெட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. பல வருஷமாக ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச் அனுப்ப ஆரம்பித்தார், உபயோகமான பேட்ச்கள்தான். 2022-ல் அந்தத் திட்டத்தின் லிஸ்ட்டில் வேறு சில பெயர்களில் மெயில்கள் வந்தன. ஏன் பேட்ச்களை எடுக்க இவ்வளவு தாமதம், ஆர்வம் போய்விட்டதா, வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுக்கலாமே என்று. அந்த மனிதர், தன் மனநலம் நெடுநாளாகச் சரியில்லை, இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று பொதுவிலேயே பதில் எழுதினார். அழுத்தம் விடவில்லை. பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஆளின் கைக்குப் போனது. 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்வாசல் வைக்கப்பட்டது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், தன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று ஒரு பொது மெயிலிங் லிஸ்ட்டில் போட்டு உடைத்தார். அந்த வெளியீடுகள் பரவலாக எல்லா சர்வருக்கும் போய்ச் சேருமுன் தப்பித்தோம்.

இதில் எந்த வழி தோற்றது? லிஸ்ட் திறந்தே இருந்தது. கிட் வரலாறு திறந்தே இருந்தது. பின்வாசலின் ஒரு பாதி டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில், யாரும் படிக்க முடியாத பைனரியாக வந்தது. அதை உயிர்ப்பிக்கும் ஸ்கிரிப்ட், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. அதாவது, ரிவ்யூ நடக்க வேண்டிய இடத்துக்கு அது வரவே இல்லை. வந்திருந்தாலும் ரிவ்யூ செய்ய இரண்டாவது ஆள் இல்லை.

இங்கே பகிரங்கமான தகவல் வழியே ஆயுதமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஏன் இன்னும் பார்க்கவில்லை?' என்று பொதுவில் கேட்பதற்கு யாருக்கும் செலவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் தனி ஆள். மறுபக்கம், பேச்செல்லாம் காப்பகத்தில் இருந்ததால்தான், விஷயம் வெடித்த சில நாளில் யார் எப்போது எப்படி அழுத்தம் கொடுத்தார்கள் என்று உலகமே வரிசைப்படுத்திப் பார்க்க முடிந்தது. காப்பகம் ஆளைக் காப்பாற்றவில்லை, நடந்ததை மட்டும் காட்டியது.

பத்து வருஷம் முன்னால் ஹார்ட்பிளீட் வந்தபோதும் இதே பாடம்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2011 டிசம்பர் கடைசியில் சேர்ந்த அந்தப் பிழையை ஒருவர் ரிவ்யூ செய்துதான் உள்ளே விட்டார். 2014 ஏப்ரல் வரை அது வெளியே தெரியவில்லை. இணையத்தின் பாதி பூட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கண்ணை நம்பியிருந்தன.

வாசிப்பையும் ஒரு கடனாக வைத்தவர்கள்

எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான பதிலை முயன்று பார்த்தவர்கள் போஸ்ட்கிரெஸ்காரர்கள். அவர்களும் மெயிலில்தான் பேட்ச் அனுப்புகிறார்கள். ஆனால் கமிட்ஃபெஸ்ட் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மாதங்களில் புதிதாக எழுதுவதைக் குறைத்து, வந்து கிடக்கும் பேட்ச்களைப் படிப்பதில் கவனம். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு பட்டியலில் இருக்கும். ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறதா, எழுதியவர் பதில் சொல்ல வேண்டுமா, கருத்தோடு திருப்பி அனுப்பப்பட்டதா என்று நிலை தெரியும். பந்து யார் பக்கம் என்று தெரிவதால் மௌனத்துக்கு நாலு அர்த்தம் கிடையாது.

இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு: நீங்கள் ஒரு பேட்ச் போட்டால், அதே அளவு கஷ்டமான இன்னொருவர் பேட்ச்சை நீங்கள் ரிவ்யூ செய்ய வேண்டும். மொய் எழுதுகிற கணக்குதான். வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். இது சொர்க்கம் இல்லை. பட்டியல் நீள்கிறது, பல பேட்ச்கள் ஒரு கமிட்ஃபெஸ்ட்டில் இருந்து அடுத்ததற்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் வாசிப்பை ஒரு வேலையாக, கணக்கில் வரும் கடனாக இவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற பல இடங்களில் அது யாரோ இரவில் கண்விழித்துச் செய்யும் தர்மம்.

ஆகவே ஒரு திட்டம் ஸ்லாக்கில் இருந்து டிஸ்கார்டுக்கோ, மெயிலில் இருந்து கிட்ஹப்புக்கோ மாறப்போகிறது என்று கேள்விப்பட்டால், நான் கேட்க விரும்புவது மூன்றுதான். காத்திருப்பவருக்குத் தன் பேட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியுமா? ஐந்து வருஷம் கழித்து வருபவருக்கு இன்றைய காரணம் கிடைக்குமா? படிக்கிறவர் ஓய்வெடுத்தால் அந்த இடத்தில் உட்கார இன்னொருவர் இருக்கிறாரா? மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால், எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பெயின்ட் மாற்றியது மாதிரிதான்.

ஓப்பன் சோர்ஸுக்குப் புதிதாக வருபவர்களிடம் 'முதல் புல் ரிக்வெஸ்ட்டைப் போடு' என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக, முதல் ரிவ்யூவைச் செய்யச் சொல்லலாம். திறந்து கிடக்கும் ஒரு பேட்ச்சை எடுங்கள், உங்கள் கணினியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். சொன்னபடி வேலை செய்கிறதா? புரியாத இடம் எது? அதை நாலு வரியில் எழுதுங்கள். கெர்னலில் 'டெஸ்டட்-பை' என்ற வரிக்குக் கீழே உங்கள் பெயரும் போகும். எழுதியவருக்கு யாரோ படித்தார்கள் என்று தெரியும், மெயின்டெய்னருக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். டி-ஷர்ட் கிடைக்காது, அவ்வளவுதான்.